வீதியின் அழகும் நீதியின் கடனும்



நம் காந்தி ரோட்டிலும் ராஜ வீதிகளிலும் நெரிசலைக் குறைக்க மாநகராட்சி முற்பட்டால் அது நியாயமே. ஆனால் நடைபாதையில் பூ விற்றுப் பிழைக்கும் ஏழைப் பெண்ணை யார் கலந்து பேசுவது?

2014-ம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம் வழி சொல்லுகிறது: நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றிலொரு பங்காவது பெண்கள். இடம் மாற்றுமுன் 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

கோர்வைச் சேலையின் உடலையும் கரையையும் இணைக்கத் தறியில் இருவர் உட்காருகிறார்கள். ஊரை அமைப்பதும் அப்படியே.

"மாற்றிடம் தந்தோமே" எனலாம். இரங்கிக் கொடுப்பது தர்மம். அவள் பிழைப்பைத் தீர்மானிக்கும் சபையில் அவளையும் உட்காரவைப்பது நீதி. தர்மம் செய்து நீதியின் கடனைத் தீர்க்க முடியாது. ஆகையால் வார்டு உறுப்பினரிடம், "வீதி எவ்வளவு அகலம்?" என்று கேட்குமுன், "யாரைக் கேட்டீர்கள்?" என்று கேளுங்கள்.