மனத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

"மனப்பான்மையை மாத்துங்க, வாழ்க்கை தானா மாறும்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் மலேசியாவில் ஒரு தமிழர் வளர்ந்துவிட முடியாது. எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய தன்முனைப்பு முகாமில் கேட்கலாம். கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை உரையில், நேரடி விற்பனைக் கூட்டத்தில், காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படத்தோடு வந்து விழும் புலனச் செய்தியில் கேட்கலாம். கேட்டுக் கேட்டுப் பாதிப் பேர் அதை வேதமாக நம்புகிறோம், மீதிப் பேர் கேலி செய்கிறோம். ஆனால் அதற்குள் உண்மை எவ்வளவு, ஏய்ப்பு எவ்வளவு என்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் உண்மையைப் பார்ப்போம். இந்தச் சிந்தனையின் பழைய, வலுவான வடிவம் எபிக்டெட்டஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதியிடம் இருக்கிறது. இவர் இன்றைய துருக்கியில் இருக்கும் ஹியராபோலிஸ் பகுதியைச் சேர்ந்தவர். ரோமில் அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். விடுதலை பெற்றுத் தத்துவம் கற்பித்தபோது, பேரரசன் டொமிஷியன் தத்துவவாதிகளை நாடு கடத்தினான். அவரும் நிக்கோபோலிஸ் என்ற ஊருக்குப் போய் அங்கே பள்ளி நடத்தினார். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. மாணவர் அரியன் எழுதி வைத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் அடிப்படை எளிமையானது. சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன: நம் கருத்து, விருப்பு, வெறுப்பு. சில நம் கையில் இல்லை: உடம்பு, சொத்து, பேர், பதவி. நம் கையில் இல்லாததை நம்முடையது என்று நினைத்துக்கொள்வதில்தான் துன்பம் தொடங்குகிறது.

இதைப் படிக்காமலே வாழ்ந்து காட்டியவர்கள் நம்மிடையே உண்டு. எங்கள் தாமானில் காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலையில் மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், அன்று வெட்ட முடியாது. வேலை இல்லை, கூலியும் இல்லை. தொடர்ந்து மழை பெய்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "மழைய திட்டி என்னா ஆவப்போது தம்பி? வீட்டுக்குப் பின்னால மரவள்ளி இருந்துச்சு, கோழி இருந்துச்சு. கத்திய தீட்டி வச்சிக்குவேன். மழ விட்டா மொத ஆளா நான் நிப்பேன்." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமையும் இல்லை, கசப்பும் இல்லை. எபிக்டெட்டஸ் நிக்கோபோலிஸில் நடத்திய பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் மரபுக்கும் இது புதிதல்ல. துன்பம் வரும்போது கலங்காமல் இருப்பதற்கென்றே வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். புறநானூற்றின் 192ஆம் பாடலை, கணியன் பூங்குன்றனாரின் பாடலை, நாம் எல்லா மேடைகளிலும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். அந்தப் பாடல் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நன்மையும் தீமையும் பிறர் தருவதால் வருவதில்லை என்று தொடங்கி, ஆற்று வெள்ளத்தில் மிதக்கும் தெப்பம்போல உயிர் போகிறது என்று சொல்லி, அதனால் பெரியவர்களைக் கண்டு வியக்கவும் வேண்டாம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் வேண்டாம் என்று முடிகிறது. மன மாற்றத்தின் விளைவாக அந்தக் கவிஞர் காட்டுவது சொந்த மகிழ்ச்சியை அல்ல. அடுத்த மனிதனைப் பார்க்கும் பார்வை மாறுவதைத்தான். இன்றைய தன்முனைப்பு உரைகளில் காணாமல் போனது இந்தக் கடைசிப் பகுதிதான்.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? இங்கேதான் ஏய்ப்பு மெல்ல நுழைகிறது.

பேச்சாளர்கள் விரும்பிச் சொல்லும் ஒரு கதை உண்டு. லாட்டரியில் கோடி விழுந்தவரும் விபத்தில் கால் போனவரும் ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரே அளவு மகிழ்ச்சியோடுதான் இருக்கிறார்களாம். ஆகவே சூழ்நிலை முக்கியமில்லையாம். இதன் மூலம் 1978இல் பிலிப் பிரிக்மனும் இருவரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஓர் ஆய்வு. அதில் பரிசு விழுந்தவர்கள் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 29 பேர், ஒப்பிடுவதற்காகச் சாதாரண மக்கள் 22 பேர். ஐந்துக்குப் பரிசு பெற்றவர்களின் இன்றைய மகிழ்ச்சி 4.00, சாதாரண மக்களுடையது 3.82. இந்த வித்தியாசம் பெரிதல்ல. பணம் நாம் நினைக்கும் அளவுக்கு மகிழ்ச்சி தரவில்லை என்பது சரிதான். அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்களைப் பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே ரசித்தார்கள். ஆனால் விபத்தில் சிக்கியவர்களின் எண் 2.96. அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகவே குறைந்த மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 'இருவரும் ஒன்றுதான்' என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

இன்னொரு புகழ்பெற்ற கணக்கு 2005இல் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் இரு ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில் இருந்து வருகிறது: மகிழ்ச்சியில் 50 விழுக்காடு மரபணு, 40 விழுக்காடு நாம் வேண்டுமென்றே செய்யும் செயல்கள், 10 விழுக்காடுதான் சூழ்நிலை. மேடையில் இது "உங்க வறுமை, உங்க வேலை, உங்க நோய் எல்லாம் சேர்ந்து வெறும் பத்து விழுக்காடுதான்" என்று ஆகிவிடும். ஆனால் அந்த எண்கள் ஒரு மனிதனின் மகிழ்ச்சியைக் கூறு போட்டவை அல்ல. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டைக் கூறு போட்டவை. ஒரு தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் சிரிக்கிறார், இன்னொருவர் சோர்ந்திருக்கிறார் என்றால் அந்த வேறுபாட்டுக்குக் கூலி காரணமாக இருக்க முடியாது. கணக்கில் கூலியின் பங்கு பூஜ்யம். அதனால் கூலி முக்கியமில்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் இருவர் பிற்காலத்தில் அந்த வட்டப்படத்தை மறுபரிசீலனை செய்து, அதன் மீதான விமர்சனங்களை ஏற்றுக்கொண்டும் எழுதினார்கள். நம் மண்டபங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்ற கருத்துக்கும் எல்லை உண்டு. ஜெர்மனியில் 24,000க்கும் மேற்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவை ஆராய்ந்து, ரிச்சர்ட் லூக்காஸ் குழுவினர் 2004இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். வேலையிழந்தவர்களின் மன நிறைவு மறுபடி வேலை கிடைத்த பிறகும், சராசரியாகப் பார்த்தால், பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. அடி ஆறினாலும் தழும்பு இருந்தது.

அப்படியானால் பிரச்சினை எபிக்டெட்டஸிடம் இல்லை. எதை எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. மழை நம் கையில் இல்லை. சம்பளம்? அதுவும் தனி ஒருவர் கையில் இல்லைதான். ஆனால் அது மழை மாதிரி வானத்திலிருந்து வருவதில்லை. யாரோ ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தது. தீபகற்ப மலேசியாவில் 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளி ஆனது. இடையில் தொழிலாளர்களின் மனப்பான்மையா மாறியது? சட்டம் மாறியது. 'என் கையில் உள்ளது', 'என் கையில் இல்லாதது' என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 'என் ஒருவன் கையில் இல்லாதது, ஆனால் எங்கள் கையில் உள்ளது'. மனப்பான்மைப் பிரச்சாரம் இந்த மூன்றாவதைத் தூக்கி மழையோடு சேர்த்துவிடுகிறது. அதைத்தான் ஏய்ப்பு என்கிறேன்.

அந்தக் காவல்காரப் பெரியவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர். ஒரு மாதம் அவருடைய மிகை நேர வேலையில் சில மணி நேரம் கணக்கில் விட்டுப்போயிருந்தது. மழைக்குச் சொன்ன பதிலை அவர் இதற்குச் சொல்லவில்லை. தன் சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். சத்தம் போடவில்லை, தூக்கம் கெடவில்லை. நான்காவது வாரம் பணம் வந்தது. பொறுமை வேறு, பணிந்து போவது வேறு என்பதற்கு எனக்கு இனி வேறு விளக்கம் தேவையில்லை.

நம் வரலாற்றிலும் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. இன்னொன்று, துரைமார் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. மற்றொன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. இயக்கத்தின் முக்கியத் தலைவரான ஆர்.எச். நாதனை அரசு கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பியது. படையை இறக்கி வேலை நிறுத்தத்தை ஒடுக்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

அந்தக் கோரிக்கைகளைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். கூலி வெளியே இருப்பது. கள்ளு வெளியேயும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது. கடையை மூடச் சொன்னவர்களில் பலர் அந்தக் கடைக்குப் போனவர்களாகவே இருந்திருப்பார்கள். சைக்கிளிலிருந்து இறங்குவதோ முழுக்க முழுக்க மனப்பான்மை. தலைமுறையாக இறங்கியவர்கள் அதை மழைபோல நினைத்துப் பழகியிருப்பார்கள். 'அது அப்படித்தான்' என்றிருப்பார்கள். ஒருநாள் 'இது மழை இல்ல' என்று தோன்றியதே, அதைவிடப் பெரிய மன மாற்றம் எது? உண்மையான மன மாற்றம் சில சமயம் மனிதனைச் சமாதானப்படுத்தாது. எழுந்து நிற்க வைக்கும். அதிலும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, ஆனால் அதைப் புன்னகையால் அளக்க முடியாது.

விக்டர் ஃபிராங்கலின் பெயரை இந்த இடத்தில் எல்லாரும் இழுப்பார்கள். நாஜி முகாம்களில் தப்பிப் பிழைத்த வியன்னா மருத்துவர் அவர். மனைவியையும் பெற்றோரையும் அண்ணனையும் பறிகொடுத்தவர். எல்லாவற்றையும் பறித்தாலும் ஒரு சூழலை எப்படி எதிர்கொள்வது என்ற சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்பது அவருடைய சிந்தனையின் மையம். ஆனால் அவர் சேர்த்துச் சொன்ன நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். தவிர்க்க முடியாத துன்பத்துக்குத்தான் அது பொருந்தும். தவிர்க்கக்கூடிய துன்பம் என்றால் அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல், வீணாகத் தாங்கிக்கொண்டிருப்பது வீரமல்ல என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் அவர் பதிவு செய்தார். 1944 கிறிஸ்துமஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் முகாமில் சாவு கூடியது. கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று நம்பியிருந்தவர்கள், அது நடக்காதபோது உடைந்துபோனார்கள் என்பது முகாம் மருத்துவரின் விளக்கம். வியட்நாம் போரில் 1965இல் பிடிபட்டு ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலும் இதையே சொன்னார். கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு என்று நாள் குறித்து நம்பிக்கை வைத்தவர்கள்தான் முதலில் நொறுங்கினார்கள். ஸ்டாக்டேல் எபிக்டெட்டஸைக் கரைத்துக் குடித்தவர் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. 'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதை இந்த இருவரும் மன உறுதி என்று கருதவில்லை. உள்ளதை உள்ளபடி பார்ப்பதில்தான் உறுதி தொடங்குகிறது.

ஆகவே கேள்வி, யார் யாரிடம் சொல்வது என்பது. 'மனப்பான்மையை மாற்று' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் அது மருந்து. இன்னொருவரிடம் சொல்லும்போது, பல நேரங்களில் அவருடைய துன்பத்திலிருந்து நான் நழுவிக்கொள்ளும் வழியாக ஆகிறது. மனச்சோர்வு நோயில் இருப்பவரிடம் "நல்லதையே நினைங்க" என்பது, கால் முறிந்தவரிடம் நடையை மாற்று என்பது போன்றது. மலேசியாவில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கும் சட்டப்பிரிவு 2023 வரை இருந்தது. அதை நீக்கியாகிவிட்டது. ஆனால் 'அவன் மனசுல தெம்பு இல்ல' என்ற தீர்ப்பை நம் வீடுகளில் இன்னும் நீக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்த வாக்கியத்தைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டியவை நமக்குள் நிறையவே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் நேற்றுவரை நன்றாக ஓடிய நம் கார் ஏன் திடீரென்று பழசாகிறது? பத்து வருடத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சொன்ன சொல்லை ஏன் இன்னும் சுமக்கிறோம்? போய்விட்ட இளமை, செத்துப்போனவர்கள், திரும்ப எழுத முடியாத பரீட்சை, இவையெல்லாம் மழைதான். இவற்றோடு சண்டை போட்டு வென்றவர் யாரும் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை இதில் செய்யக்கூடியது ஒரு சிறு பழக்கம். மனம் கனக்கும்போது முதலில், இது மழையா சம்பளமா என்று கேட்டுக்கொள்வது. மழை என்றால் கத்தியைத் தீட்டி வைக்கலாம். சம்பளம் என்றால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். தனியாகப் போக முடியாவிட்டால் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். துன்பம் அடுத்தவருடையது என்றால், அது மழையா சம்பளமா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.