உள்ளே புகும் காற்று

டீசல் வெளியே சொட்டினால் தரை காட்டிக்கொடுத்துவிடும். பழைய லாரிகளில் வரும் வில்லங்கம் வேறு. டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவே ஓடும் குழாயில் மயிரிழை வெடிப்பு விட்டால் ஒரு சொட்டுகூட வெளியே வராமல் போகலாம். அது பம்பு இழுக்கும் பக்கம். டீசலோடு காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓடும், இழுவை குறையும், மேட்டில் நின்றுவிடும். ‘ஏர் வாங்குது’ என்பார்கள்.

டெல்கோவும் டைம்லர் பென்ஸும் 1954-இல் கைகோத்துத் தொடங்கிய வரிசையில் வந்த மூக்கு லாரி ஒன்றுக்குக் குழாய் மாற்றியதை, மேல்சித்தாமூர் போகும் வழியில் ஒரு பட்டறையில் பார்த்தேன். டிரைவருக்கு அவசரம்.

“அண்ணே, ஏர மட்டும் எடுத்து விடுங்க, போயிடுறேன்.”

“ஓட்டைய வச்சிக்கிட்டு ஏர் எடுத்தா, திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள மறுபடி நிப்ப தம்பி.”

மண்ணில் டீசல் சிந்தாதபடி அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டுத்தான் மெக்கானிக் குழாயைக் கழற்றினார். வளைத்துப் பிடித்ததும் ரப்பரில் வெடிப்புகள் வாய் திறந்தன. தாமிர வாசர்களைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டார். இறுகிப்போன தாமிரம் அப்படித்தான் இளகும். இளகினால்தான் இடைவெளி விடாமல் உட்காரும். புதுக் குழாயை முடுக்கிய பிறகே ஃபில்டர் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் தெளிந்த டீசல்.

முதலில் ஓட்டையை அடை, பிறகு உள்ளே புகுந்ததை எடு: சமணம் இந்த வரிசையை வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. வினை வந்து சேர்வது ஊற்று. வரும் வழியை அடைப்பது செறிப்பு. சேர்ந்ததைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு. நமக்கோ உதிர்ப்பில்தான் ஆசை. விரதத்தையும் யாத்திரையையும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாமே! செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்த எண்ணைக் கேட்டு மலைக்கிறோம். அதற்கு முன் எத்தனை காலம் நாவையும் கண்ணையும் காத்தார் என்பது கல்லில் இல்லை. பார்த்து நடப்பது, அளந்து பேசுவது, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்குத் தீங்கு நேராமல் கவனிப்பது: துறவிகளுக்கு விதித்த சமிதிகள் என்னும் ஐந்து கவன நெறிகளில் இவை அடங்கும். யார் கண்ணிலும் படாத வேலை. மண்ணுக்கும் உயிர் உண்டு என்பது சமணர் கொள்கை. தெரிந்தோ தெரியாமலோ டீசல் மண்ணில் சிந்தாமல் தட்டை வைத்த கைக்கு இந்தக் கவனம் கொஞ்சம் கைவந்திருந்தது.

மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்துக்குப் போகிறவர்கள் பார்சுவநாதர் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். மலைநாதர் கோயில் பாறையில், 9ஆம் நூற்றாண்டுச் சிற்பமாகச் சமண முனிவர் பாகுபலி நிற்கிறார். ஓராண்டு அசையாமல் நின்று, உடலில் கொடி படர்ந்த பின்னும், அண்ணன் பரதனைப் பற்றிய ஓர் எண்ணம் உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்ததால் அவருக்கு ஞானம் தள்ளிப்போனது என்பார்கள். அவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.