பிறவாதவர்களின் பங்கு

எத்தீம் பிள்ளையின் சொத்தைக் காக்கும் பொறுப்பேற்ற சிறிய தந்தை ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளை வளர்ந்து ஒருநாள் கணக்குக் கேட்கும் என்னும் அச்சமேனும் அவருக்கு உண்டு. இன்னும் பிறவாத பிள்ளைகளின் சொத்து ஒருவர் கையில் இருந்தால்? கேட்க அவர்களுக்கு நாவில்லை, தேர்தலில் வாக்குமில்லை. அத்தகையோருக்கும் நாம் கடன்பட்டவர்கள்தாமா என்னும் வினாவை அறநூலோடு நிறுத்தாமல், அரசின் வரவு செலவுக் கணக்கிற்குள்ளேயே கொண்டு வந்த நாடு நார்வே.

1969-ஆம் ஆண்டின் இறுதியில் வடகடலின் எக்கோஃபிஸ்க் பகுதியில் எண்ணெய்ப் பெருவளம் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பஸ்ராவைச் சேர்ந்த நிலவியல் அறிஞர் ஃபாரூக் அல்-காசிம், நோயுற்ற தம் மகனின் மருத்துவத்தை முன்னிட்டு, மனைவியின் தாயகமான அந்நாட்டிற்குக் குடிபெயர்ந்திருந்தார். வேலை தேடி ஆஸ்லோவில் தொழில் அமைச்சகத்தின் படியேறியவரை, எண்ணெயைப் பற்றி அதிகம் அறிந்திராத அவ்வமைச்சகம் தன்னிடமே அமர்த்திக் கொண்டது. ஈராக்கின் எண்ணெயை அயல்நாட்டு நிறுவனங்கள் ஆண்ட விதத்தை உள்ளிருந்து பார்த்தவர் அவர். வளம் நாட்டுடையது, மேற்பார்வை அரசுடையது, நிறுவனங்களோ உழைப்பிற்கேற்ற ஊதியம் பெறும் பங்காளிகள் என்னும் அமைப்பை உருவாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பஸ்ராவில் பெற்ற பாடம் பஸ்ராவிற்குப் பயன்படாமற் போயிற்றே என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

நார்வே மக்கள் இயல்பிலேயே சிக்கனர் என்று எவரும் கருத வேண்டா. 1970-களில், வரப்போகும் எண்ணெய்ப் பணத்தை நம்பிக் கடன் வாங்கிச் செலவிட்டவர்களே அவர்களும். கூலி ஏறிற்று, விலை ஏறிற்று. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது பட்டறிந்தார்கள். 1990-இல் எண்ணெய் நிதிக்கான சட்டம் பிறந்தது. 1996-இல்தான் அதில் முதற்பணம் விழுந்தது. அந்நிதியை உள்நாட்டில் முதலீடு செய்வதில்லை. வெள்ளமெனப் பணம் பாய்ந்தால் ஏனைய தொழில்கள் மூழ்கிவிடும் அன்றோ? 2001-இல் வகுத்த நெறிப்படி, நிதியின் 4 விழுக்காட்டை ஒட்டியே ஆண்டுதோறும் அரசு எடுத்துச் செலவிடலாம். 2017-இல் அது 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இடர்க்காலத்தில் சற்று மிகலாம், செழிப்பில் குறைய வேண்டும். விளைச்சலை உண்ணலாம், விதையை உண்ணலாகாது என்பதே கருத்து. 2025-இல் அந்நிதி 20 லட்சம் கோடி குரோனரைக் கடந்தது. ஏறத்தாழ 55 லட்சம் மக்களுக்குப் பகிர்ந்தால், தலைக்கு 36 லட்சம் குரோனர்!

இதில் என்னை வியக்க வைப்பது தொகையன்று. அந்த 3 விழுக்காடு சட்டமே அன்று. கட்சிகள் தமக்குள் கொண்ட உடன்பாடு மட்டுமே. நாளையே நாடாளுமன்றம் அதைத் தள்ளிவிடலாம். இன்னும் கூடுதலாகச் செலவிடுவோம் என்று வாக்குக் கேட்ட கட்சியும் அங்கே இருந்தது. ஆட்சியில் பங்கேற்றபோது அதுவும் அந்நெறியை உடைக்கவில்லை. வாக்கில்லாதவர்களுக்காக வாக்குள்ளவர்கள் தம் கையைத் தாமே கட்டிக் கொள்வது குடியாட்சியில் அரிய காட்சி.

எனினும் இந்த அமானிதத்தின் மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். புகையிலை செய்யும் நிறுவனங்களின் பங்குகள் ஆகா என 2010-இல் அந்நிதி ஒதுக்கியது. நிலக்கரியை நம்பி வாழும் நிறுவனங்களையும் விலக்குவதென 2015-இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஆனால் நிதியை நிரப்பும் எண்ணெயும் எரிவாயுவும் மட்டும் இடையறாது கப்பலிலும் குழாயிலும் அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. அவை எங்கே எரிகின்றனவோ, அந்நாட்டின் கணக்கிலேதான் அப்புகை எழுதப்படும். தன் வீட்டு எத்தீமுக்குப் பொன் சேர்ப்பவர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கிணற்றில் நஞ்சு கலந்தால், அவரை நேர்மையாளர் என்போமா? கணக்கில் நேர்மையாளர்தாம், ஆனால் பிறவாதவர் என்னும் சொல்லை நாட்டெல்லையோடு அவர் நிறுத்திக் கொண்டார்.

இவ்வினா அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நல்ல சுற்றுச்சூழலுக்கான உரிமையை வருங்காலத் தலைமுறைக்கும் காக்க வேண்டும் என அரசியலமைப்பின் 112-ஆம் பிரிவு கூறுகிறது. அதைச் சுட்டி, பேரண்ட்ஸ் கடலில் எண்ணெய் தேட அரசு வழங்கிய உரிமங்களைச் சூழல் அமைப்புகள் எதிர்த்தன. 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பு அரசின் பக்கமே நின்றது. ஆயினும் 15 நீதிபதிகளுள் நால்வர் மாறுபட்டனர். அயல்நாட்டில் எரியப்போகும் அந்த எண்ணெயின் விளைவையும், உரிமம் தருமுன்னரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினர்.