உழைச்செல்வான் எங்கே?

மருந்து நான்கு கூறுடையது என்றார் வள்ளுவர்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தே சென்று மருந்தூட்டுபவன். முதல் மூன்று கூறுகளும் மும்பை மாநகரில் உள்ளன. நான்காமவனைப் பற்றியே நாம் ஈண்டு எண்ண விழைகிறோம்.

இந்நகர நடைபாதைகளில் பார்தி இனத்தவர் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றனர். சிக்னல்களில் பூ விற்போரில் பலர் அவர்களே. நம் நரிக்குறவரைப் போலவே வேட்டைத் தொழிலை இழந்து, நிலையான கூரையும் பெறாதவர்கள். 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் குத்திய முத்திரை, அச்சட்டம் 1952-இல் நீங்கிய பின்னும் ஊரார் மனத்தினின்று நீங்கவில்லை. மராட்டியத்தில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். (நரிக்குறவரைச் சேர்க்க நாடாளுமன்றம் இசைந்ததோ 2022 டிசம்பரில்தான்!) ஆயினும் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, பிள்ளைக்குத் தடுப்பூசி கிடைப்பது வேறு.

மாநகராட்சி மருத்துவமனை திறந்துதானே உள்ளது, வரட்டுமே என்பர் அன்பர் சிலர். வரிசையில் நிற்கும் நாள் பூ விற்காத நாள். விட்டு வந்த மூட்டையும் திரும்பும்போது இருக்குமென்பதற்கு உறுதியில்லை. படிவத்திலோ முகவரி என்றொரு கட்டம் உண்டு. அது வெறுமையானால் எழுதுகோல் அங்கேயே நின்றுவிடும் என்பதைக் கோப்புகளிடையே காலங்கழிக்கும் நாம் நன்கறிவோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் முன்னோர்க்கும் முகவரி ஏது? ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், உடன் வந்தார், மொழிபெயர்த்தார். அவரே நமக்கு வாய்த்த உழைச்செல்வான்.

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பின்னர் மருத்துவர்களும் பணியாளர்களும் சந்து சந்தாகச் சென்று, வாயிலில் நின்று காய்ச்சல் பார்த்தனர். அவர்தம் தொண்டு போற்றத்தக்கது. எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்நோய் மாளிகைக்கும் பரவும் என்ற அச்சமன்றோ அத்தனை விரைவைத் தந்தது? நடைபாதைக் குழந்தையின் வயிற்றுப்போக்கு மாளிகையை அச்சுறுத்துவதில்லை. அச்சம் இல்லாவிடத்துக் கடமைக்குக் கால்கள் உண்டா?

ஐரோப்பாவின் ரோமா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவினின்று சென்றவர்கள். ருமேனிய அரசு 2002 முதல் அவ்வினப் பெண்களையே ஊதியம் தந்து நலவாழ்வு இடையீட்டாளராக அமர்த்தியது. அவர்கள் தாய்மாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர், தாள்களைச் சரிசெய்கின்றனர், தடுப்பூசி நாளை நினைவூட்டுகின்றனர். நம் நாட்டில் 2005-இல் தோன்றிய ஆஷா ஊழியர் முறையும் இத்தகையதே. ஆனால் அது ஊரை அளவாகக் கொண்டு பிறந்தது; பாலத்தடியில் வாழ்வோர்க்கு ஊர் எது?

பார்திப் பெண் ஒருத்திக்குப் பயிற்சியும், மருந்துப் பையும், திங்கள்தோறும் ஊதியமும், ஒரு பதிவேடும் வேண்டும். அப்பதிவேட்டின் முகவரிக் கட்டத்தில் ‘இன்ன பாலத்தடி, இன்ன தூண்’ என்று எழுத இடம்விட வேண்டும்.