கடைச் சாப்பாடும் வீட்டுக் கடமையும்

"உணவே மருந்து" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் 'மருந்து' எனப் பெயர் பெற்ற 95ஆவது அதிகாரமும் பெரும்பாலும் உண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததா என்று பார்க்க வேண்டும், அளவறிந்து உண்ண வேண்டும், உடம்புக்கு ஒவ்வாததை விலக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வைத்தியர் கடைசி மூன்று குறள்களில்தான் வருகிறார். ஆனால் அளவறிந்து உண்பதற்கு, தட்டில் இருப்பது என்னவென்று உண்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். நாம் இங்கே சிந்திக்க விரும்புவது இதைப் பற்றித்தான்.

கனடாவிலே ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மிசிசாகாவிலும் வாழும் எம்மவர் வீடுகளில் கிழமைக்கு எத்தனை நாள் அடுப்பு எரிகிறது? வேலையால் வரும் வழியில் ரேக் அவுட் கடையில் ஐம்பது இடியப்பமும் சொதியும் சம்பலும். இன்னொரு நாள் கொத்துரொட்டி. பாடசாலை முடிந்து வரும் பிள்ளைகளுக்குப் பீற்சா அல்லது பேர்கர். கொண்டாட்டம் என்றால் றோல்ஸும் பற்றிஸும். வீட்டு மேசையில் வைத்து உண்டாலும் இவையெல்லாம் வெளியுணவே. "எங்கட சாப்பாடுதானே" என்று நாம் ஆறுதல் அடைகிறோம். பெயரும் மணமும் எங்களுடையவை என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயின் அளவும் உப்பின் அளவும் எங்கள் கையில் இல்லை.

கொத்துரொட்டியையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக் கோதுமை மாவில் எண்ணெய் சேர்த்துச் சுட்ட ரொட்டியை, மீண்டும் எண்ணெய் விட்ட தகட்டில் முட்டையோடும் இறைச்சிக் குழம்போடும் சேர்த்துக் கொத்துகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. எத்தனை கரண்டி விட்டார்கள் என்பது தகட்டடியில் நிற்பவருக்கே வெளிச்சம். உப்பும் அப்படித்தான். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஒன்ராறியோவில் 2017 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உடைய உணவகங்களைக் கலோரி அளவை விலைப்பட்டியலில் எழுதச் செய்தது. ஒரு கிளையோடு நடக்கும் எம்மவர் கடைகளை அது தொடவில்லை. பேர்கருக்குக் கணக்குக் கேட்ட சட்டம் கொத்துரொட்டிக்குக் கேட்கவில்லை.

எமக்கு இது சிறிய விடயமல்ல. தெற்காசியர் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகின்றவர்கள். பார்வைக்கு மெலிந்தவர் போல இருப்பவரையும் அது பிடிக்கிறது. உடற்திணிவுச் சுட்டெண்ணுக்குப் பொதுவான எல்லை 25. ஆசியரைப் பொறுத்தவரை 23ஐத் தொடும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியதற்கு இதுவே காரணம்.

இதைச் சொன்னதும், "நாவடக்கம் இல்லை" என்று உண்பவரைக் குறை சொல்வது எம்மிடையே வழக்கம். அது முழு நியாயமாகாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களில் 20 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. இரண்டு கிழமை ஆலைகளில் பதப்படுத்திய உணவும், இரண்டு கிழமை அவ்வாறு பதப்படுத்தாத பொருட்களால் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். விரும்பிய அளவு உண்ணலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். சில உணவுகளின் முன்னால் மனவுறுதி மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் அறம் எங்கே நிற்கிறது? உணவு எங்கிருந்து வரவேண்டும் என்று வீடு தீர்மானிக்கும் இடத்தில் என்றே நாம் எண்ணுகிறோம். வீட்டில் சமைப்பவருக்கு உண்பவரைத் தெரியும். அப்பாவுக்குப் பிரஷர், அம்மம்மாவுக்குச் சலரோகம் என்று தெரிந்தபடியால் கறியில் உப்பைக் குறைப்பார். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் கீரையில் ஒரு கரண்டியைக் கூட்டுவார். கடைக்காரருக்கு எம்மைத் தெரியாது. ருசியும் விலையும்தான் அவர் பொறுப்பு. அதை அவர் நேர்மையாகவே செய்கிறார். எம் உடம்பைப் பற்றிய பொறுப்பை நாம் அவரிடம் ஒப்படைத்ததும் இல்லை, அவர் ஏற்றதும் இல்லை. அது யாரிடமும் இல்லாமல் நடுவழியில் நிற்கிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். வீட்டில் சமையுங்கள் என்று ஆலய மலரில் எழுதுவது சுலபம், சமைப்பது யார்? பகலில் தொழிற்சாலை, இரவில் அடுப்பு என்று உழைக்கும் பெண்ணின் முதுகில் இன்னுமொரு சுமையை ஏற்றிவிட்டு, அதற்கு அறம் என்று பெயர் சூட்டலாமா? ரேக் அவுட் கடை எத்தனையோ தாய்மாருக்கு ஒரு மணிநேர ஓய்வைக் கொடுத்திருக்கிறது. அக்கடைகளின் பின்கட்டில் நின்று இடியப்பம் பிழிந்து பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் எம் பெண்களே. ஆகவே, சமையல் கடமை என்றால் அது வீட்டுக்குரிய கடமை, தனியொருவருக்குரியதல்ல. எத்தனை பேர் உண்கிறார்களோ அத்தனை பேரும் அதில் பங்காளிகள். வெங்காயம் உரிக்கத் தெரியாமல் ஆண்பிள்ளையை வளர்த்துவிட்டு, அவன் தனியே போனபின் கண்டதையும் தின்கிறான் என்று கவலைப்படுவதில் பயனில்லை.

ஆலயத்தில் மகேஸ்வர பூசையில் உண்பதும் வெளியுணவுதானே என்று சிலர் கேட்கலாம். ஆம். ஆனால் பந்தியில் பரிமாறுபவருக்கு விற்க வேண்டிய தேவை இல்லை. போதும் என்று கை காட்டினால் நிறுத்திவிடுவார். ஆயினும் சோறு மலையாகவும் மரக்கறி தொட்டுக்கொள்ளவும் என்ற வழக்கத்தை அங்கும் மாற்றலாம். பருப்பையும் கீரையையும் கூட்டி, பக்கத்தில் ஒரு சட்டி சிவப்பரிசிச் சோறும் வைத்தால், நீரிழிவுள்ள அடியார் கூச்சமின்றிப் பந்தியில் அமர்வார். உபயகாரர்கள் இதனை மனத்தில் கொள்வார்களாக.

கனடா அரசு 2019இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதியை மரக்கறியாலும் பழத்தாலும் நிரப்புங்கள் என்று சொல்வதோடு நில்லாமல், அடிக்கடி சமையுங்கள், மற்றவர்களோடு சேர்ந்திருந்து உண்ணுங்கள் என்றும் சொல்கிறது. இதற்குப் பெரிய தவம் தேவையில்லை. இடியப்பத்தைக் கடையில் வாங்கினாலும் சொதியையும் ஒரு கீரைக்கறியையும் வீட்டில் வைக்கலாம். ஒரு பெட்டிக் கொத்துரொட்டியை இருவர் பகிரலாம். ஞாயிறு மாலை வீட்டார் எல்லோரும் சேர்ந்து மரக்கறி நறுக்கி இரண்டு மூன்று நாளுக்கு ஆயத்தம் செய்யலாம். குரக்கன் மா இடியப்பம் இருக்கிறதா என்று கடையில் கேட்கலாம். கேட்பவர்கள் பெருகினால் கடைக்காரர் செய்து தருவார்.

எப்போதாவது வெளியே போய் மகிழ்ந்து உண்பதில் பிழையில்லை. அது விருந்தாக இருக்கட்டும், வழக்கமாகிவிட வேண்டாம். பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் பனியிலும் குளிரிலும் ஏற்றிச் செல்லும் நாம், ஒரு பருப்புக்கறியும் ஒரு கீரையும் சமைக்கத் தெரிந்தவர்களாக அவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைப்போம். அதுவும் நாம் அவர்களுக்குக் கொடுக்கும் முதுசமே.