அயலார் சாட்சியம்

ஊராட்சி தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போட்டால் அது தற்புகழ்ச்சி. பயனாளியைக் கேட்டால் விருப்பு வெறுப்பு கலந்துவிடும். வெளியாளைக் கேட்டால் அவருக்கு ஊர் தெரியாது. மதிப்பிடும் தகுதி யாருக்கு உண்டு, எதை ஆதாரமாக ஏற்பது என்பது நிர்வாகத்துக்கு முன்பே சமயம் எதிர்கொண்ட கேள்வி. சைவ மரபு இதற்காகக் கடவுளையே வழக்காடு மன்றத்தில் நிறுத்தியிருக்கிறது.

அந்த வழக்கின் எதிர்வாதி சுந்தரர்; அவர் பிறந்த திருநாவலூர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். அவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துப் போட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது எங்கும் இல்லையே என்றுதான் அவையோரும் நினைக்கிறார்கள். ஆனாலும் வழக்கைத் தள்ளிவிடவில்லை. அனுபோகம், ஆவணம், அயலார் நேரில் கண்ட சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். கிழிந்தது படிதான், மூல ஓலை இருக்கிறது என்று கிழவர் அதை எடுத்து நீட்டுகிறார். அவை அதையும் அப்படியே நம்பவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்ட பிறகே கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. வந்தவர் சிவபெருமான் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே விசாரணை நடந்திருக்காது, வணக்கம்தான் நடந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது ஓலை. உரிமை கோரியவரும் மறுத்தவரும் கைவைக்க முடியாத இடத்தில் இருந்ததால்தான் அதற்கு மதிப்பு. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமும் இதே திசையில் போகிறது: ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம். மதிப்பிடுபவனையும் மதிப்பிட வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் கறாரானவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள்.

இன்றைய காலத்தில் இதற்கு மிக அருகில் வந்தது நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கை. அந்த வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபைக்குக் கொடுத்தது. 2011-ஆம் ஆண்டு விதிகள், வேலையை நடத்தும் துறையைச் சாராத தனி அமைப்பு மாநிலந்தோறும் வேண்டும் என்றன. தமிழ்நாட்டில் அதற்கெனச் சமூகத் தணிக்கைச் சங்கம் உருவானது. தணிக்கை செய்ய வருபவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக் கூடாது என்றிருந்தது. அவர் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார். குளத்தில் டேப் பிடித்து அளந்து அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு சபையில் பெயர்ப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் அதைச் சொல்ல ஊராரால்தான் முடியும். ஆனால் அடுத்த வாரம் அதே பணித்தளப் பொறுப்பாளரிடம் வேலைக்குப் போக வேண்டியவர் எழுந்து பேசத் தயங்குவார். அறிந்தவருக்குச் சுதந்திரம் இல்லை, சுதந்திரமானவருக்கு அறிவு இல்லை என்ற முடிச்சை இந்த ஏற்பாடு பாதி அவிழ்த்தது. மீதிப் பாதி அவிழவில்லை. குறை நிரூபணமான பிறகு நடவடிக்கை எடுப்பது மீண்டும் அதே நிர்வாகத்தின் வேலையாகிவிட்டது.

இதே முடிச்சு நீதிமன்றத்திலும் தெரிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து அரசிடம் அறிக்கை கேட்டது. கேட்டவர் அயலார், பதில் எழுதுபவரோ வேலையைச் செய்ய வேண்டியிருந்தவர். திருவெண்ணெய்நல்லூர் அளவுகோலில் இது ஓர் ஓலைதான். மலைக் கிராமத்துச் சாலையை நடந்து பார்ப்பது அனுபோகம், அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைத் தனியே கேட்பது சாட்சி. அவை இரண்டும் சேராமல் விசாரணை முடிந்ததாகாது.

இப்படிக் கேட்டுச் சரிபார்க்க ஊராருக்கு உள்ள இடம் கிராம சபை. அது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லி அங்கே கேட்கலாம்.