வசூலும் ஓர் அமானிதம்

 



மக்களிடம் பணம் வாங்குபவருக்கு உரிமை மட்டுமல்ல, பொறுப்பும் உண்டு. யுத்த காலத்தில்தான் அது யாரிடம் இருக்கிறது என்று தெரியவரும்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். கையிலிருந்த காசும் நகையும் பறிக்கப்பட்டன. அரசாங்கமோ வடக்குக்கு எரிபொருள் முதலான சாமான்களைத் தடுத்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 பாதை திறந்தது. யாழ்ப்பாணம் போன சரக்கு லாரிகள் புலிகளின் சாவடியில் வரி கட்டித்தான் கடந்தன. அந்த வரி கடைசியில் சாமான் வாங்கிய ஏழையின் தலையில்தான் விழுந்தது. அதே பகுதியின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததோ கொழும்பு அரசாங்கம்! வாங்கும் கை ஒன்று, கொடுக்கும் கை வேறொன்று.

இப்போது ஹிம்ஸ் நகருக்கு வாருங்கள். யர்மூக் போருக்கு முன், கி.பி. 636இல், முஸ்லிம் படை அந்நகரை விட்டுப் பின்வாங்க வேண்டி வந்தது. அங்கிருந்த கிறிஸ்தவ மக்களிடம் வாங்கிய ஜிஸ்யா வரி திருப்பிக் கொடுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிவு செய்கிறார். பாதுகாப்புத் தருவோம் என்று வாங்கிய பணம். தர முடியாதபோது அதை வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை என்பதே காரணம். படைக்குப் பணம் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது!

ஹிஜ்ரி 18இல் கடும் பஞ்சம் வந்தபோது, உமர் (ரலி) அவர்கள் ஸகாத் வசூலையே தள்ளிவைத்தார்கள். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள், செல்வந்தரிடம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மக்களின் உயர்ந்த பொருட்களை எடுக்காதீர், அநீதிக்குள்ளானவரின் துஆவை அஞ்சும் என்றும் எச்சரித்தார்கள்.

சகோதரர்களே! நம் கூக்கால் மலையில் பூண்டு விலை விழுந்தால் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம். அப்படிப்பட்டவரிடம் சந்தா பாக்கியைக் காட்டி, மகளின் நிக்காஹ் தஃப்தரை நிறுத்தி வைக்கலாமா? முடிந்தவர் பாக்கி வைக்காமல் கொடுங்கள். முடியாதவருக்கு ஜமாஅத் தவணை கொடுக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் விட்டுக்கொடுக்கட்டும். வரவு செலவுக் கணக்கை வருடந்தோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்.

வாங்குவதில் நீதியையும், கொடுப்பதில் மனமுவந்த தன்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.